வான்காவல் சேவை: நிமிடக் கணக்கு கேட்டு ஒரு மதிப்பாய்வு

நாட்டின் வான்வெளியைக் காவல் காப்பதும் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவைதான். பேருந்து நேரத்துக்கு வந்ததா, மருத்துவமனையில் மருத்துவர் இருந்தாரா என்று கேட்கிறவர்கள் இதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ராணுவ ரகசியம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ரேடாரின் அலைவரிசையும் ஏவுகணைகளின் இருப்புக் கணக்கும் ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு விமானம் எத்தனை மணிக்குக் கண்ணில் பட்டது, அது யாருடையது என்று எப்போது தெரிந்தது, ஆணை யாரிடமிருந்து எப்போது வந்தது, பிறகு அதிகாரிகள் சொன்ன நேரமும் ஒலிப்பதிவில் இருந்த நேரமும் ஒத்துப்போனதா என்பவை சம்பவம் முடிந்தபின் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. சேவையின் தரம் இந்த நான்கில்தான் தெரியும். விசாரணைகள் மூலம் வெளியே வந்த சம்பவங்களை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

என்ன தருகிறார்கள்

அமைதிக்கால வான்காவலின் உறுப்புகள் அதிகமில்லை. எல்லையைப் பார்க்கும் ரேடார்கள், அவற்றின் தகவல் வந்து சேரும் கட்டளை மையம், ஓடுபாதை அருகே ஆயுதம் ஏற்றித் தயாராக நிற்கும் இரண்டு போர் விமானங்கள், அவற்றுக்கு விமானிகள், "எழும்பு" என்று சொல்ல ஒருவர், "சுடு" என்று சொல்ல அவருக்கு மேலே இன்னொருவர். ஐரோப்பாவில் பொதுவாகச் சொல்லப்படும் வாக்குறுதி, ஆணை வந்த 15 நிமிடத்துக்குள் விமானங்கள் தரையை விட்டு எழும்பும் என்பது.

அந்த 15 நிமிடம் என்ன தரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எழும்பியபின் 100 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால், மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் 6 நிமிடம். மொத்தம் 21 நிமிடம். மணிக்கு 800 கிலோமீட்டரில் வரும் பயணிகள் ஜெட் அதற்குள் 280 கிலோமீட்டர் கடந்திருக்கும். அதாவது ஆணை பிறக்கும்போதே அது அவ்வளவு தொலைவில் இருந்திருக்க வேண்டும். சிறிய நாடுகளில் அவ்வளவு நீளமே கிடையாது. ஆகவே இதைக் கோட்டைச் சுவராக எண்ணி வாங்குபவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வழிதவறியவரைக் கண்டுபிடிக்க, வானொலி செத்துப்போன விமானத்தை அருகே போய்ப் பார்க்க, அத்துமீறியவரை இறக்க என்று காவல்துறை வேலைக்கு வாங்கினால் இது நல்ல சேவை.

அந்த வேலையின் நடைமுறை உலகம் முழுவதும் ஒன்றுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. இடைமறிக்கும் விமானம் வழக்கமாக இடப்பக்கம் சற்று முன்னே, சற்று மேலே வந்து இறக்கைகளை ஆட்டும். பதிலுக்கு நீங்களும் ஆட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும். அவசர அலைவரிசை 121.5 மெகாஹெர்ட்ஸ், வேறு உத்தரவு இல்லாவிட்டால், விமானத்தின் அடையாளக் குறியீட்டை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700. விமான நிலையத்தைச் சுற்றியபடி சக்கரங்களை இறக்கிக் காட்டினால் இங்கே இறங்கு என்று பொருள். உங்கள் பாதையைக் குறுக்கிடாமல் மேலேறியபடி சட்டென்று 90 பாகைக்கு மேல் திரும்பி விலகினால், நீங்கள் போகலாம். சேவையின் மிக நேர்த்தியான பகுதி இதுவே. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சேவை நேரம்

2014 பிப்ரவரி 17 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் போன எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் போயிங் 767இல், துணை விமானி தலைமை விமானியை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெனீவாவுக்குத் திருப்பினார். காலை ஆறு மணி வாக்கில் தரையிறங்கியது. உடன் வந்தவை இத்தாலியின் யூரோஃபைட்டர்களும் பிரான்ஸின் மிராஜ்களும். சுவிட்சர்லாந்தின் போர் விமானம் ஒன்றுகூட எழும்பவில்லை. காரணம், அன்றைய சுவிஸ் வான்காவல் வார நாட்களில் அலுவலக நேரத்தில் மட்டும், காலை 8 முதல் 12 வரை, பிற்பகல் 1.30 முதல் 5 வரை நடந்தது. அண்டை நாட்டு விமானங்கள் ஒப்பந்தப்படி உள்ளே வந்து துணை போகலாம், சுட முடியாது.

உலகம் இதைக் கேட்டுச் சிரித்தது. அந்த நாடு அடுத்துச் செய்தது பாராட்டத்தக்கது. மறைக்கவில்லை; ஆள், பணம், பராமரிப்பு என்று என்ன போதவில்லை என்பதைச் சொல்லி, படிப்படியாக நேரத்தை நீட்டியது. 2020 டிசம்பர் 31 முதல் ஆயுதம் தாங்கிய இரண்டு எஃப்/ஏ-18 விமானங்கள் இரவும் பகலும் 15 நிமிட ஆயத்தத்தில் நிற்கின்றன. ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது ஏன் என்றால், இரண்டு விமானம் நிற்பதற்கு இரண்டு விமானம் போதாது. பராமரிப்பில் சில, பயிற்சியில் சில, மாற்றுக்குச் சில வேண்டும். மூன்று வேளைக்கும் விமானிகள், தரைப் பணியாளர்கள், ரேடார் திரை முன் அமர்பவர்கள், இரவில் ஓடுபாதையைத் திறந்து வைக்கும் கோபுரம், தீயணைப்பு எல்லாம் வேண்டும். விமானத்தின் விலையை மட்டும் காட்டி, நாளைக்கே 24 மணி நேரக் காவல் என்று அறிவிக்கும் அரசை நம்ப வேண்டாம்.

கண்ணில் படுவது

ரேடார் அடிவானத்துக்குக் கீழே பார்க்காது. கிலோமீட்டரில் தொலைவு வேண்டுமானால், ரேடாரின் உயரத்தையும் இலக்கின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12ஆல் பெருக்குங்கள். 20 மீட்டர் கோபுரத்தில் உள்ள ரேடாருக்கு 100 மீட்டர் உயரத்தில் பறப்பது சுமார் 60 கிலோமீட்டரில் தெரியும். 30 மீட்டரில் பறப்பது சுமார் 41 கிலோமீட்டரில்தான் தெரியும். மணிக்கு 900 கிலோமீட்டரில் வரும் க்ரூஸ் ஏவுகணைக்கு அந்த 41 கிலோமீட்டர் மூன்று நிமிடம்கூட இல்லை. இது சமதரைக் கணக்கு. நடுவே மலை இருந்தால் இன்னும் குறையும். ஆகவே "எங்கள் ரேடார் 400 கிலோமீட்டர் பார்க்கும்" என்று சொன்னால், எந்த உயரத்தில் என்று கேளுங்கள்.

பார்த்தால் மட்டும் போதாது என்பதற்கு ஸாக்ரெப் சாட்சி. 2022 மார்ச் 10 இரவு, சோவியத் காலத்து டியு-141 ஆளில்லா விமானம் ஒன்று உக்ரைன் பக்கமிருந்து ருமேனியா, ஹங்கேரி வழியாகக் குரோஷியாவுக்குள் வந்து தலைநகரில் விழுந்தது. ஆறு டன் எடை. ஹங்கேரி வான்வெளியில் மட்டும் சுமார் 40 நிமிடம் பறந்திருக்கிறது. தங்கள் ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பு அமைப்பு அதன் பாதையைத் தொடர்ந்து கண்டதாக நேட்டோ பிறகு சொன்னது. கண்டது உண்மையென்றால் கேள்வி கூர்மையாகிறது: கண்ட திரையிலிருந்து ஆணையிடும் மேசைக்கு அது ஏன் போகவில்லை? நாட்டுக்கு நாடு கைமாறும் இடம்தான் இந்தச் சேவையின் பலவீனமான தையல்.

யாரென்று தெரிவது

சேவை அதிகம் சறுக்குவது இங்கேதான். உயிர்களும் இங்கேதான் போயிருக்கின்றன. திரையில் தெரிவது ஒரு புள்ளி. அதற்குப் பெயர் கொடுக்கப் பல வழிகள் உண்டு: டிரான்ஸ்பாண்டர் குறியீடு, ராணுவ அடையாளக் கருவியின் பதில், முன்பே கொடுத்த பயணத் திட்டத்தோடு ஒப்பிடுதல், கடைசியாக விமானியின் கண். ஒவ்வொன்றும் பொய் சொல்லும்.

1987 மே 28இல் மேற்கு ஜெர்மனியின் 18 வயது இளைஞர் மத்தியாஸ் ரஸ்ட் ஹெல்சிங்கியிலிருந்து செஸ்னா 172இல் புறப்பட்டு மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு அருகே இறங்கினார். சோவியத் ரேடார்கள் அவரைப் பார்த்தன. போர் விமானி ஒருவர் பக்கத்தில் போய்ச் சிறிய வெள்ளை விமானம் என்று சொல்லவும் செய்தார். ஆனால் ஒரு பகுதியில், அன்று பயிற்சியில் இருந்தவர்கள் அடையாளக் குறியீட்டை ஒழுங்காக இயக்காததால், வானில் இருந்த எல்லாவற்றுக்கும் "நம்முடையது" என்று முத்திரை போட்டார்கள், ரஸ்டுக்கும் சேர்த்துத்தான். இன்னொரு பகுதியில் அருகே மீட்புப் பணி நடந்ததால் அவரை ஹெலிகாப்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். தவறான முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த பகுதிக்காரர் அதைச் சோதிப்பதில்லை, வாங்கிக்கொள்கிறார். பாதுகாப்பு அமைச்சர் சொகோலோவும் வான் பாதுகாப்புத் தலைவர் கொல்துனோவும் பதவி இழந்தார்கள்.

எதிர்த் திசைத் தவறு இதைவிடக் கொடியது. 1988 ஜூலை 3இல் அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 என்ற ஏர்பஸ்ஸைச் சுட்டு 290 பேரைக் கொன்றது. கப்பலுக்குள் இருந்தவர்கள் அதைத் தாழ்ந்து வரும் எஃப்-14 போர் விமானம் என்று நம்பினார்கள். கப்பலின் சொந்தக் கணினிப் பதிவில் அது சிவில் குறியீட்டோடு மேலேறிக்கொண்டிருந்தது. கருவி சரியாகச் சொன்னது. சண்டைப் பதற்றத்தில் இருந்த அறை வேறொன்றைக் கேட்டது. ராணுவ அலைவரிசையில் விடுத்த எச்சரிக்கைகளைப் பயணிகள் விமானம் கேட்கவே முடியாது என்பதும் சேர்ந்துகொண்டது.

2020 ஜனவரி 8இல் தெஹ்ரானுக்கு அருகே உக்ரைன் விமானம் பிஎஸ்752, 176 பேரோடு வீழ்த்தப்பட்டது. ஈரான் தந்த விளக்கத்தின்படி, டோர் ஏவுகணை வண்டியை இடம் மாற்றியபின் வடக்குத் திசையைச் சரிசெய்யவில்லை. திரையில் திசை 100 பாகைக்கு மேல் பிசகியிருந்தது. அதனால் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டது வேறு பக்கத்திலிருந்து நெருங்குவதாகத் தெரிந்தது. மேலிடத்துக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. பதில் வராமலே சுட்டார்கள். நடமாடும் ஏவுகணை வண்டியை இடம் மாற்றினால் முதல் வேலை வடக்கைச் சரிபார்ப்பது. இரண்டாவது, தெரிந்த ஒரு பயணிகள் விமானத்தின் பாதையோடு திரையை ஒப்பிடுவது. மூன்றாவது, தொடர்பு அறுந்தால் சுடக்கூடாது என்ற விதி. இவை செலவில்லாத காரியங்கள். இதற்கெல்லாம் மேலே, மோதல் மூளும் இரவில் சிவில் விமானங்களுக்கு வான்வெளியை மூடுவது. அதை ஏன் மூடவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க விடை வரவில்லை.

2019 பிப்ரவரி 27இல் காஷ்மீரின் பட்காமில் இந்திய விமானப் படையின் ஏவுகணையே அதன் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. உள்ளே இருந்த ஆறு பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அன்று காலை பாகிஸ்தான் விமானங்களோடு மோதல் நடந்துகொண்டிருந்தது. தங்கள் தரப்பின் பெரிய தவறு என்று விமானப் படைத் தளபதி அந்த ஆண்டு அக்டோபரில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஏழு மாதம் நீண்ட காலம்தான். இருந்தாலும் தளபதியே வாய் திறந்து சொன்னது இந்தத் துறையில் எளிதில் கிடைக்காத ஒன்று.

ஆணையும் கடிகாரமும்

2001 செப்டம்பர் 11 காலை, நான்கு பயணிகள் விமானங்கள் கடத்தப்பட்டபோது, அமெரிக்கக் கண்டப் பகுதி முழுவதற்கும் தயார் நிலையில் இருந்தவை ஏழு தளங்களில் 14 போர் விமானங்கள். வடகிழக்குப் பகுதிக்கு ஓட்டிஸ், லாங்லி என்று இரண்டு தளங்கள். கடலுக்கு வெளியிலிருந்து வருவதைப் பார்க்கவே அமைப்பு வகுக்கப்பட்டிருந்தது. கடத்தல் நடந்தால், சிவில் விமானத் துறைத் தலைமையகம் ராணுவத் தலைமையகமான பென்டகனைக் கேட்டு, அங்கே பாதுகாப்பு அமைச்சர் வரை அனுமதி போய், பிறகு கட்டளை கீழே இறங்க வேண்டும். கடத்தியவர்கள் பேரம் பேசுவார்கள், நேரம் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதிய விதி.

முதல் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 8.21க்கு அணைந்தது. பாஸ்டன் கட்டுப்பாட்டு மையம் ராணுவத்தை அழைத்தது 8.37க்கு, அதுவும் விதிப்படியான படிகளைத் தாண்டி நேராக அழைத்ததால்தான். 8.46க்கு எழும்பும் ஆணை. அதே நிமிடத்தில் விமானம் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதியது. 8.53க்கு ஓட்டிஸின் எஃப்-15கள் வானில் ஏறின. எந்த இலக்கை நோக்கி என்று யாருக்கும் தெரியாததால் கடலோர ராணுவப் பகுதியில் வட்டமிட வைக்கப்பட்டன. நான்கு விமானங்களில் ராணுவத்துக்கு அதிகபட்ச முன்னறிவிப்பு கிடைத்தது இந்த முதல் விமானத்துக்குத்தான்: சுமார் ஒன்பது நிமிடம். இரண்டாவதைப் பற்றிய செய்தி அது மோதிய நேரத்தில் வந்தது. நான்காவதைப் பற்றிய செய்தி அது விழுந்தபின் வந்தது.

லாங்லியின் விமானங்கள் இன்னும் வேதனை. ஏற்கெனவே மோதிவிட்ட முதல் விமானம் இன்னும் வாஷிங்டன் நோக்கிப் பறப்பதாக 9.21க்கு ஒரு தவறான தகவல். அதை நம்பி 9.24க்கு ஆணை. ஆணையில் இலக்கு எங்கே, எவ்வளவு தூரம் என்று இல்லை. பயணத் திட்டம் பழைய வழக்கப்படி கிழக்கே கடலை நோக்கி இருந்தது. விமானங்கள் கடலுக்குப் போயின. 9.37க்கு பென்டகன் தாக்கப்பட்டபோது அவை சுமார் 150 மைலுக்கு அப்பால் இருந்தன. சுடுவதற்கான அனுமதி வான் பாதுகாப்புக் கட்டளையகத்துக்கு 10.31க்கு வந்தது; நான்காவது விமானம் 10.03க்கே விழுந்துவிட்டது. வந்த அனுமதியும் வானில் இருந்த விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை.

சுடும் அதிகாரத்தை முன்கூட்டியே கீழே கொடுத்துவிடுவது இதற்குத் தீர்வல்ல. வின்சென்ஸும் டோரும் அந்தப் பக்கத்தின் விலையைக் காட்டிவிட்டன. சட்டமும் கதவை அகலத் திறக்கவில்லை. கொரிய விமானம் 007ஐ 1983இல் சோவியத் போர் விமானம் சுட்டு 269 பேர் இறந்தபின், 1984இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் சேர்த்த பிரிவு, பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானங்கள் மீது ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 1998 முதல் நடைமுறையில் உள்ளது. கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தைச் சுட அனுமதித்த சட்டப்பிரிவை ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 பிப்ரவரி 15இல் நீக்கியது. நல்ல சேவையில் அதிகாரம் மேலேயே இருக்கும். ஆனால் அதை வைத்திருப்பவர் எந்த நேரத்திலும் இரண்டு நிமிடத்துக்குள் தொலைபேசியில் கிடைப்பார், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று பெயரோடு எழுதியிருக்கும், சிவில் கட்டுப்பாட்டாளரும் அதே இணைப்பில் இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்துவிட்டு நடத்தும் ஒத்திகை இதைச் சோதிக்காது. விடுமுறை நாள் அதிகாலையில் சொல்லாமல் நடத்த வேண்டும்.

பிறகு சொன்ன கணக்கு

2003 மே மாதம் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய விசாரணை ஆணையத்தின் முன், நான்காவது விமானம் கடத்தப்பட்ட செய்தி தங்களுக்கு 9.16க்குக் கிடைத்ததாக வான் பாதுகாப்பு அதிகாரிகள் சாட்சி சொன்னார்கள். அந்த விமானம் கடத்தப்பட்டதே 9.28க்குத்தான். 9.24க்கு மூன்றாவது விமானத்தைப் பற்றி அறிந்ததாகவும் சொன்னார்கள். உண்மையில் அந்த நேரத்து ஆணை, வானில் இல்லவே இல்லாத ஒரு விமானத்தைத் துரத்தக் கொடுத்தது. ஆணையம் அழைப்பாணை அனுப்பி ஒலிப்பதிவுகளை வாங்கிக் கேட்டபின்தான் இது தெளிந்தது. 2004 ஜூலையில் வந்த அறிக்கை நிமிடம் நிமிடமாகத் திருத்தி எழுதியது.

இந்தச் சேவைக்கு எங்கள் மிகக் குறைந்த மதிப்பெண் இதற்குத்தான். ஒன்பது நிமிடத்தில் தடுக்க முடியாததற்கு அல்ல. அந்த நேரங்களில் கிடைத்த தகவலைக் கொண்டு எந்த விமானியாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் தவறான நேரங்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் அதிகாரபூர்வமாக நின்றபோது, செய்தி வந்தும் ராணுவம் தாமதித்தது போல ஒரு சித்திரம் எழுந்தது; செய்தியே வரவில்லை என்ற உண்மையான நோய் மறைந்தது. திருத்த வேண்டிய இடம் சிவில் துறைக்கும் ராணுவத்துக்கும் இடையிலான தொலைபேசிக் கம்பி. அது கண்ணுக்குத் தெரியவே ஒலிநாடா தேவைப்பட்டது.

மற்றவர்களும் மேலல்ல. கொரிய விமானத்தின் பதிவுக் கருவிகளை சோவியத் அரசு ரகசியமாக மீட்டு வைத்துக்கொண்டது. 1992இல்தான் வெளியே தெரிந்தது. ஈரான் மூன்று நாள் மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. ஈரான் ஏர் 655க்காக அமெரிக்கா 1996இல் 6.18 கோடி டாலர் கொடுத்தது, சட்டப் பொறுப்பை ஏற்காமல். போலந்தில் 2022 டிசம்பரில் உள்ளே வந்த ரஷ்ய ஏவுகணை ஒன்று பிட்கோஷ் நகருக்கு அருகே காட்டில் 2023 ஏப்ரலில்தான் கண்டெடுக்கப்பட்டது. தளபதி தன்னிடம் சொல்லவில்லை என்று அமைச்சர் குற்றம் சாட்டினார்; ராணுவத் தரப்பு மறுத்தது. யார் யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பது எழுத்தில் இருந்து, சொன்ன நேரம் பதிவாகியிருந்தால், அந்தச் சண்டைக்கே இடமில்லை.

பதவி நீக்கத்தைப் பொறுப்பேற்பு என்று எண்ணிக்கொள்வதும் தவறு. ரஸ்ட் விவகாரத்தில் மேலே இருந்த இருவர் போனார்கள். ஆனால் தவறான முத்திரையைக் கேள்வியின்றி வாங்கிக்கொள்ளும் பழக்கம் தளபதி மாறியதால் போய்விடாது. அதை மாற்றுவது, ஒவ்வொரு பகுதியும் கைமாறும் புள்ளியைத் தானே ஒருமுறை புதிதாக அடையாளம் காண வேண்டும் என்ற விதி.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

நாடாளுமன்றக் குழு உறுப்பினரோ, பத்திரிகையாளரோ, அக்கறையுள்ள குடிமகனோ, ரகசியம் எதையும் தொடாமல் இவற்றைக் கேட்கலாம். சென்ற ஆண்டு எத்தனை முறை போர் விமானங்கள் எழும்பின. அதில் எத்தனை முறை வாக்களித்த நேரத்துக்குள்? சுவிட்சர்லாந்து தன் வான்காவல் பணிகளின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. அறிவிக்காத ஒத்திகை எத்தனை, அவற்றில் முடிவெடுக்கும் அதிகாரியைத் தொடர்புகொள்ள ஆன நேரம் என்ன? சிவில் கட்டுப்பாட்டு மையத்துக்கும் ராணுவ மையத்துக்கும் நேரடி இணைப்பு உண்டா, இரு பக்கக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றனவா? கடிகாரங்கள் சில நொடி பிசகினால்கூட விசாரணையில் எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

ஒலிப்பதிவும் ரேடார் பதிவும் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, சம்பவம் நடந்தால் அவற்றை உடனே முத்திரையிட்டுப் பூட்டுவது யார் என்பது இன்னொரு கேள்வி. அந்த ஆள் அதே கட்டளைச் சங்கிலியில் இருப்பவராக இருக்கக்கூடாது. விசாரணையை நடத்துபவருக்கும் அதே நிபந்தனை. முதல் அறிக்கை 30 நாளில், அதில் நேர வரிசை மட்டும், குற்றம் யாருடையது என்ற வாதம் இல்லாமல். சிவிலியன்கள் இறந்திருந்தால் இழப்பீடு விசாரணை முடியும்வரை காத்திருக்கக்கூடாது.